சுக்கிர ஹோரையில் விழுந்த துப்பாக்கி

போன் ஸ்பீக்கருக்குள் குங்குமம் போனால் குரல் கரகரக்கும். சார்ஜர் துளைக்குள் சந்தனம் போனால் சார்ஜ் ஏறாது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கிருஷ்ணசாமி நடத்தும் மொபைல் சர்வீஸ் கடையில் எட்டு வருடமாக வேலை பார்த்துவந்த ஜெசிந்தாவுக்கு இந்த இரண்டு உண்மைகளும் ஒரே மாதத்தில் தெரிந்தன. அதுவரை அப்படி ஒரு போன் கடைக்கு வந்ததில்லை. அந்த ஆடி மாதத்தில் மட்டும் பதினொன்று வந்தன.

முதலில் கொண்டுவந்தவன் செல்வகுமார் என்ற கல்லூரி மாணவன்.

"இன்னாப்பா இது, உள்ள செவப்பா கீது?"

"குங்குமங்க்கா."

"போனுக்குப் பொட்டு வெச்சியா?"

"ஸ்பின் பண்றதுக்கு முன்னாடி வெக்கணும்னு ஜெகா அண்ணன் சொன்னாருக்கா. கெழக்கப் பாத்து உக்காந்துக்கினு வெக்கணும்."

"வெச்சியே, வுழுந்துச்சா?"

"இல்லக்கா. ராசியில மிஸ்டேக் ஆயிடுச்சு. நான் கடகம்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்கம்மா சிம்மம்ங்குது."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, சிம்ம ராசிக்காரனின் ஸ்பீக்கரைச் சுரண்டத் தொடங்கினாள்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்போது 'வேட்டைக்களம்' என்ற துப்பாக்கி ஆட்டத்தில் கிடந்தார்கள். அதில் ஒரு சக்கரம் உண்டு. காசு கட்டி வாங்கிய டைமண்டைக் கொடுத்துச் சுற்றினால், அதிர்ஷ்டம் இருந்தால் தங்க நிறத் துப்பாக்கி விழும். இல்லாவிட்டால் ஒரு தொப்பியோ சாயம் பூசிய செருப்போ விழும். அந்தச் சக்கரத்தை எந்த ராசிக்காரன் எந்தக் கிழமையில் எந்த ஹோரையில் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு விழுப்புரத்தில் ஒருவர் சேனல் வைத்திருந்தார். ஜெகதீசன், முப்பத்தைந்து வயது. கேமிங் சென்டர் முதலாளி. சுவரில் நீல விளக்கு, கழுத்தில் ருத்திராட்சம், கையில் பஞ்சாங்கம். சொன்ன ஹோரையில் அவரே சுற்றிக்காட்டுவார், துப்பாக்கி விழும். இரண்டு லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கும் ஒரு சேனல் இருந்தது. அதன் பெயர் 'விரல்'. நாலாயிரம் பேர் பார்ப்பார்கள். முகத்தைக் காட்டமாட்டாள், ஊரைச் சொல்லமாட்டாள். போனைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் குரலும் மட்டும்தான். வீட்டில் அப்பாவும் அவளும்தான் என்பதால் ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்வாள். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவள். ஆட்டங்களைப் பற்றி அவளுக்கு இருந்த கருத்துகள் எந்தக் கல்லூரியும் தந்தவை அல்ல.

தோற்றவனுக்குத் தன் தவறு எங்கே என்று தெரிய வேண்டும், அப்படித் தெரியவைப்பதுதான் நல்ல ஆட்டம் என்பாள். கட்டை விரல் அரை நொடி தாமதித்தது, சுவருக்கு இந்தப் பக்கம் நிற்காமல் அந்தப் பக்கம் நின்றுவிட்டோம் என்று தெரிந்தால் மறுபடி ஆடத் தோன்றும், அறிவு வளரும். எதற்குத் தோற்றோம் என்றே தெரியாத ஆட்டத்தை ஆடுகிறவன், கதவைத் திறக்காத வீட்டின் முன்னால் கும்பிட்டுக்கொண்டே நிற்பவன் மாதிரி. விவசாய ஆட்டங்களை அவள் அறவே வெறுத்தாள். நாற்று நட்டால் மணி அடிக்கிறது, அறுத்தால் நட்சத்திரம் பொழிகிறது. "இடுப்பு வலிக்காத விவசாயம் பண்ணணும்னா ஒண்ணு இந்த கேம் ஆடணும், இல்லாட்டி நெலத்துக்கு ஓனரா பொறக்கணும்" என்று ஒரு வீடியோவில் சொன்னாள். போருக்குப் போகிற பெண் பாத்திரங்களுக்குத் தொடையை மூடாத சட்டை மாட்டிவிடுகிறவர்களை, அதே சட்டையில் ஒருநாள் கருவேலங்காட்டுக்குள் ஓடிவந்து காட்டச் சொன்னாள். பழைய பட்டன் போனில் வரும் செங்கல் அடுக்கும் ஆட்டத்தை மட்டும் கடைசிவரை புகழ்வாள். அதில் ஏமாற்று கிடையாது. விழுகிற கல்லுக்கு ராசி கிடையாது.

பதினோராவது குங்குமப் போனைத் துடைத்த வாரத்தில் அவள் சக்கரத்தைப் பற்றிப் பேசினாள். ஜெகதீசனின் பெயரைச் சொல்லவில்லை. நூறு முறை சுற்றினால் இரண்டு முறை துப்பாக்கி விழும் என்று ஆட்டத்தின் விதிப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கம்பெனியின் கம்ப்யூட்டர் சிங்கப்பூரிலோ எங்கோ இருக்கிறது, அதற்கு உன் அம்மா உன்னை எந்த நட்சத்திரத்தில் பெற்றாள் என்று தெரியாது. பொட்டு வைத்தால் ஸ்பீக்கர்தான் போகும். ஆறு நிமிடப் பேச்சு. அதை முப்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கட்டை விரலில் இருந்த சால்டரிங் தழும்பை அடையாளம் கண்டுகொண்ட செல்வகுமார், பாராட்டுகிற எண்ணத்தில், "இது எங்க திண்டிவனம் கடை அக்கா, வேற லெவல்" என்று கீழே எழுதிவைத்தான்.

நாலாம் நாள் ஜெகதீசன் கடைக்கு வந்தார். ஒரு கையில் இருந்த போன் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் இருந்ததை மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, ஸ்பீக்கர் கொஞ்சம் அடைக்குது. ஜல்தியா பாரு."

அவள் குனிந்து திருகாணியைக் கழற்றும்போது நேரலைப் போன் அவள் முகத்துக்குத் திரும்பியது.

"மக்களே, பாத்துக்கோங்க. விரல் விரல்னு ஒரு சேனல் இல்ல, அந்த மேடம் இவங்கதான். எந்த ஊரும்மா உனக்கு?"

"கிளியனூர் பக்கம்."

"அட, நம்ம ஊரு. ஊர்லயா, காலனியா?"

அவள் அடுத்த திருகாணியைக் கழற்றினாள். அவளுடைய பதில் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. அவளை உற்றுப் பார்த்துவிட்டு அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"நீ மாசி பொண்ணுதான? எங்க கழனியில மல்லாட்ட புடுங்கினு இருந்தானே மாசி. மக்களே, சோக்கு பாருங்க. மல்லாட்ட புடுங்கறவன் பொண்ணு நமக்கு ஜாதகம் பத்தி கிளாஸ் எடுக்குது. சரி சரி, தொடைச்சுக் குடு. உனக்குத் தெரிஞ்சது அதான."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். கல்லாவில் கிருஷ்ணசாமி இருந்தார். அவர் சில்லறையை எண்ணத் தொடங்கினார். ஜெசிந்தாவின் கைகள் எட்டு வருடப் பழக்கத்தில் தாமாக வேலை செய்து முடித்து, ஸ்பீக்கரைத் துடைத்து, திருகாணிகளை முறுக்கி, போனை அவரிடம் நீட்டிவிட்டன. பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வார்த்தைகள்கூட இல்லை. தன் கை அந்தப் போனைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டதே என்பதுதான்.

அன்று மாலைக்குள் 'விரல்' சேனலின் கீழே ஆயிரத்துக்கு மேல் வசவுகள் குவிந்தன. ஒன்றில்கூட ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாம் தெருவைப் பற்றி, பிறப்பைப் பற்றி, ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி. மறுநாள் கிருஷ்ணசாமி தரையைப் பார்த்தபடி பேசினார்.

"கொஞ்ச நாளு வராதம்மா. ஆளுங்க வந்து கடைய போட்டோ புடிச்சிக்கினு போறாங்க. பேஜாரு புடிச்ச வேலையா பூடுச்சு. நானே போன் பண்றேன்."

போன் வரவில்லை. மூன்றாம் வாரம் அவளுடைய மேசையில் வேறு ஒருவன் உட்கார்ந்தான்.

ஜெகதீசன் வீட்டுக் கழனியில் மல்லாட்ட என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிய அவள் அப்பா மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று வயது. மகளின் முகம் போனுக்குப் போன் போய்க்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும், ஊர்க்காரர்களே காட்டினார்கள்.

"வுடு ஜெசி. பெரிய எடம். நாளைக்கே மறந்துடுவாங்க."

"அவங்க மறந்துடுவாங்கப்பா. நான் மறக்கணுமே."

"கேஸு கீஸுன்னு போகாத."

"கேஸெல்லாம் இல்ல. என்னைய எந்த லைவுல காட்டினானோ அதே லைவுல, அவன் ஆளுங்க முன்னாடியே, அவன் மூஞ்சிய உரிச்சுக் காட்டணும். அது வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மன்னிப்பு வேண்டாம், வேலை திரும்ப வேண்டாம். தேவாலயத்தில் பாதிரியார் பகைவரை நேசிப்பது பற்றிப் பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஜெகதீசனின் வீடியோக்களைச் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மனிதனை அவனுடைய பக்தர்கள் அரைகுறையாகத்தான் பார்க்கிறார்கள். வெறுக்கிறவள் முழுதாகப் பார்க்கிறாள். அவர் துப்பாக்கி வென்று காட்டிய வீடியோக்கள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் பத்து முறையாவது பார்த்தாள். போனின் மேல்வரிசையில் இருக்கும் கடிகாரத்தை ஒரு பட்டை ஒட்டி அவர் மறைத்திருந்தார். மறைப்பானேன்? சுக்கிர ஹோரையில் சுற்றுகிறவன் கடிகாரத்தைப் பெருமையாக அல்லவா காட்டவேண்டும்?

ஐந்தாம் நாள் பிடிபட்டது. சக்கரத்துக்குக் கீழே, வலது மூலையில், பொடி எழுத்தில் ஒரு கவுண்ட்டவுன் ஓடுகிறது: இந்தச் சலுகை முடிய இன்னும் இத்தனை நாள், இத்தனை மணி, இத்தனை நிமிடம். ஒவ்வொரு சலுகையும் முடியும் தேதியையும் நேரத்தையும் கம்பெனியே ஊருக்கெல்லாம் அறிவிக்கிறது. அதிலிருந்து மிச்ச நேரத்தைக் கழித்தால், அவர் சுற்றிய நேரம் நிமிடம் பிசகாமல் வந்து விழும். கடிகாரத்தை மூடியவர் இதை மூட மறந்துவிட்டார். பஞ்சாங்கம் பார்க்கிறவருக்குக் கழித்தல் கணக்கு ஞாபகம் வரவில்லை.

பதினேழாம் வீடியோவை எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை காலை ஆறேகால், சுக்கிர ஹோரை, இதோ சுத்தறேன்" என்கிறார். மூலையில் இரண்டு நாள், பன்னிரண்டு மணி, ஐம்பது நிமிடம் மிச்சம் இருக்கிறது. சலுகை ஞாயிறு நள்ளிரவில் முடிகிறது. கழித்தால் வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்து. நடு ராகு காலம்.

உடனே துள்ளிக் குதிக்கவில்லை. தன் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று தன் போனில் அதே கவுண்ட்டவுனையும் கடிகாரத்தையும் வைத்துச் சரிபார்த்தாள்; நிமிடம்கூட மாறவில்லை. பிறகு நாற்பத்தொன்றையும் கழித்தாள். முப்பத்தேழு பொய். நாலு சரியாக இருந்தன. அந்த நாலையும் எழுதிக்கொண்டாள். ஜெகதீசனைப் போல் பாதியை மறைத்து வெல்வதில் அவளுக்கு ருசி இல்லை. மனுஷன் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். விழுந்த ஒன்றை வெட்டி எடுத்து ஹோரை ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதைத் தன் சேனலில் போட்டிருக்கலாம். வசவு போட்டவர்கள் வந்து இன்னொரு ஆயிரம் வசவு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவள் ஆயுத பூஜைவரை காத்திருந்தாள்.

ஆயுத பூஜை அன்று பஸ்ஸுக்கும் லேத்துக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிற ஊரில், ஜெகதீசன் போன்களுக்குப் பூஜை போடுவதை இரண்டு வருடமாக வழக்கமாக்கியிருந்தார். விழுப்புரத்தில் அவருடைய சென்டருக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். காலை பத்தரை மணி. முந்நூறு பேர் தட்டில் போனும் பூவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை. பூஜை ஆனதும் முதல் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, தங்கள் போனைக் கேபிளில் மாட்டி, எல்லாரும் பார்க்கச் சக்கரம் சுற்றவேண்டும். அது அத்தனையும் நேரலை. முதல் வரிசையில் இடம் பிடிக்க ஜெசிந்தா திண்டிவனத்தில் முதல் பஸ் ஏறியிருந்தாள். முகத்தில் மாஸ்க். தட்டில் போன், ஒரு எலுமிச்சம்பழம்.

நாலாவதாக அவள் முறை வந்தது. கேபிள் பார்த்துக்கொள்ளும் கோபி போனை வாங்கினான்.

"இன்னா ராசிக்கா?"

"தெரியாது. மாட்டுங்க."

திரையில் சக்கரம் வரவில்லை. ஜெகதீசன் வந்தார். "வெள்ளிக்கிழமை காலை ஆறேகால்" என்றார். படம் அப்படியே நின்றது. மூலையில் ஓடும் எண்களைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. கீழே கழித்தல் கணக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி. விடை: பதினொன்று பத்து, ராகு காலம். அடுத்து பதினெட்டு. அடுத்து பத்தொன்பது.

நான்காவது வீடியோ ஓடும்போதுதான் மேடையில் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு நின்ற ஜெகதீசன் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவள் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"ஏய், நீ அந்த திண்டிவனம்... கோபி, கேபிள புடுங்கு. எடிட்டிங் பண்ணிக்கினு வந்துகிறா, நம்பாதீங்க."

கேபிள் போயிற்று. திரை நீலமானது. ஜெசிந்தா பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்துக்கொண்டாள். முகம் காட்டாமல் மூன்று வருடம் பேசிப் பழகிய குரல்.

"எடிட்டிங்னு சொல்றாரு. சரிங்க. நான் காட்டுனத நம்பவேணாம். அவரு சேனல அவங்கவங்க போன்ல தொறங்க. பதினேழாவது வீடியோ. வலது பக்கம் கீழ மூலையப் பாருங்க. கணக்கு நீங்களே போடுங்க."

முந்நூறு தலைகளும் குனிந்தன. ஜெகதீசன் முதல் தடவையாகத் தன் ரசிகர்களின் உச்சந்தலைகளைப் பார்த்தார்.

"லைவ கட் பண்ணு கோபி."

"இருண்ணே" என்றான் கோபி. அவனும் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் விருச்சிகம். எனக்கு புதன்கிழமை சொன்னியே, இருபத்தி மூணாவது வீடியோ. பாத்துடறேன்."

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "பதினொண்ணு பத்து, கரெக்டா வருதுடா." இன்னொரு குரல், "முப்பதாவது பாரு, எமகண்டம்." பிறகு யார் பேசுகிறார்கள் என்று தெரியாதபடி கூடம் இரைந்தது. அஞ்சே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்தவன், தலைக்குக் குளித்துவிட்டுச் சுற்றியவன், அக்காள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்து போய்ச் சுற்றியவன், எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

"சும்மா ஜாலிக்கு சொன்னதுப்பா" என்றார் ஜெகதீசன். "எண்டர்டெயின்மெண்ட்தான."

"ஜாலிக்கு" என்றாள் ஜெசிந்தா. "அன்னிக்கு கடைக்கு வந்து என்னையும் எங்கப்பாவையும் லைவுல காட்டுனதும் ஜாலிக்குத்தானா?"

இந்த இடத்தில் கூடம் தன் பக்கம் பொங்கும் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நடந்தது வேறு. முன்வரிசையில் ஒருவன் கையை ஆட்டினான். "அக்கா, அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல டைமண்ட் மேட்டர் முடியட்டும்." அவன் முகத்தில் பகை இல்லை. அவளுக்கு நேர்ந்தது அவனுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவளை வைதவர்களில் அவனும் ஒருவனாக இருந்திருக்கலாம்.

அவள் அவனை ஒரு நொடி பார்த்துவிட்டு, கூட்டத்தை மறந்தாள். இது முந்நூறு பேருக்கான விஷயம் இல்லை. மைக்கை ஜெகதீசனின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ஹோரையும் இல்ல, ராசியும் இல்ல, வுழுந்தத வெட்டி ஒட்டுனேன். சொல்லுங்க."

ஓடுவதற்கு மேடைக்கு ஒரே படிக்கட்டு. அதில் ஆட்கள் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். ஜெகதீசன் சொன்னார். முணுமுணுத்ததால் இரண்டாம் முறை சொல்லவைத்தாள்.

"இப்ப எங்கப்பா பேரு சொல்லுங்க."

"மாசி..."

"மாசி உங்க தாத்தா சுருக்கிக் கூப்ட பேரு. ரேஷன் கார்டுல இருக்கற பேரச் சொல்லுங்க."

"மாசிலாமணி."

"மல்லாட்ட புடுங்குனாரு. நீங்க உக்காந்து துன்ன மல்லாட்ட. அதையும் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. கண்களில் நீர் கட்டியிருந்தது, கோபத்தால். அந்த நீர் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நல்லவள் என்று பெயர் எடுக்கும் ஆசை அவளுக்கு இருந்ததில்லை. அந்த முகத்தை நேரலைக் கேமரா நன்றாகப் பிடிக்கும்படி அவள் ஓரடி விலகி நின்றாள். பிறகு எலுமிச்சம்பழத்தை மேசையிலேயே விட்டுவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"அக்கா, ஒரே ஒரு டவுட்டு. அவருக்கு வுழுந்ததுல பாதி ராகு காலத்துல வுழுந்துகீது. அப்ப ராகு காலத்துல சுத்துனாத்தான் வுழுமாக்கா?"

ஜெசிந்தா அவர்களை மாறிமாறிப் பார்த்தாள்.

"நூத்துக்கு ரெண்டு. எப்ப சுத்துனாலும் நூத்துக்கு ரெண்டு. போய் படிங்கடா."

"இல்லக்கா, பர்ட்டிகுலரா எந்தக் கெழமை..."

அவள் நடந்துவிட்டாள்.

திண்டிவனம் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. கிருஷ்ணசாமி.

"ஜெசிம்மா, பாத்தேன், பாத்தேன். பின்னிட்ட போ. கடைக்கு வந்து நம்ம ஜெசிதானன்னு எல்லாம் விசாரிக்கிறாங்க. நாளைக்கு வந்து உக்காரு. அந்தப் பையன வேற வேலைக்குப் போட்டுக்கறேன்."

"அன்னிக்கு நீங்க கல்லாவுலதான சார் இருந்தீங்க."

"அது... அன்னிக்கு சிச்சுவேஷன் அப்டிம்மா. நானு ஒரு ஆளு என்னா பண்ணமுடியும்?"

"சரி சார். வேலைக்குக் கூப்புடறதுன்னா வீட்டுக்கு வந்து கூப்புடுங்க. எங்க தெருவுக்கு. அப்பா இருப்பாரு. உக்காந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, அவருகிட்ட சொல்லிட்டுப் போங்க."

மறுமுனையில் கல்லாப் பெட்டியை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"அங்க காரு வருமாம்மா?"

"சிமெண்ட் ரோடு போட்டு ஆறு வருஷம் ஆவுது சார்."

"பாக்கறேம்மா" என்றார் கிருஷ்ணசாமி. "இந்த வாரம் கொஞ்சம் வேலை கீது."

"பாருங்க சார்" என்று ஜெசிந்தா போனை வைத்தாள். கூட்டேரிப்பட்டில் பக்கத்து சீட்டு காலியானது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, 'விரல்' சேனலைத் திறந்து, சுயவிவரத்தில் இருந்த கைகளின் படத்தை அழித்துவிட்டுத் தன் முகத்தைப் போட்டாள். ஊர் என்ற கட்டம் மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்தது. அதில் தன் தெருவின் பெயரை எழுதினாள்.